வட்டம் போடுகிற அம்மா

அந்த அம்மா பேனா பிடித்து நான் பார்த்ததில்லை. பென்சில்தான். சீவிச் சீவிக் கட்டைவிரல் நீளத்துக்கு வந்த பென்சிலையும் விடமாட்டார். பக்கத்தில் ஒரு வெள்ளை ரப்பர். அழித்த தூளை ஊதித் தள்ளுகிற பழக்கம் கிடையாது. இடது உள்ளங்கையில் கூட்டி எடுத்து, எழுந்து போய்க் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு வந்துதான் அடுத்த கேள்வி. எதிரே உட்கார்ந்திருக்கிறவன் நெஞ்சு வெடிக்கிற நிலைமையில் இருந்தாலும் அப்படித்தான்.

மதுரையில் ஒரு பெரிய ஆசுபத்திரியில், இரண்டாவது மாடியில், எக்ஸ்ரே அறையைத் தாண்டி அவருக்கு ஒரு சின்ன அறை. டாக்டர் கிடையாது, நர்சும் கிடையாது. ஒரு குடும்பத்தில் யார் யாருக்கு என்ன நோய் வந்தது, அது ரத்த வழியில் இறங்குகிறதா என்று கேட்டு எழுதுவதுதான் அவர் உத்தியோகம். எழுதுகிறது என்றால் எழுத்து இல்லை, படம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். புற்றுநோய் வந்தவர்களுக்கு உள்ளே கருப்பு அடிப்பார். செத்துப்போனவர்கள் மேல் குறுக்காக ஒரு கோடு.

நான் ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். திருமங்கலத்தில் எரிந்த மோட்டார்களைப் பிரித்துச் செம்புக் கம்பி உருவுகிற வேலையில் கையைக் கருக்கிக்கொண்டு ஆரம்பித்து, இன்றைக்கு என் பேரிலேயே பம்புசெட் மோட்டார் வருகிறது. பேரையூர்ப் பக்கம் போனாலும் சரி, வாடிப்பட்டிப் பக்கம் போனாலும் சரி, பத்துக் கிணற்றை எட்டிப் பார்த்தால் நாலு கிணற்றில் என் மோட்டார் ஓடும். அந்த ஆசுபத்திரி மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவதே என் மோட்டார்தான். இதையெல்லாம் முதல் நாளே அந்த அம்மாவிடம் சொன்னேன். ஒரு விழாவில் எனக்குச் சால்வை போர்த்திய போட்டோவையும் போனில் காட்டினேன்.

பார்த்தார். "நல்லா விழுந்திருக்குண்ணே. உங்க குடும்பத்துல இதுக்கு முன்ன யாருக்காச்சும் மார்ல கட்டி, கர்ப்பப்பை பக்கம் கட்டி, அப்படி ஏதாச்சும்?"

"எங்க வம்சத்துல ஒருத்தருக்கும் இல்லம்மா. எல்லாம் இரும்பு உடம்பு."

என் மகள் செல்வி பக்கத்தில் தலையில் துணி சுற்றி உட்கார்ந்திருந்தாள். அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. புற்றுநோய்க்காக இடது மார்பை எடுத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. இம்புட்டுச் சின்ன வயதில் வந்திருக்கிறதே, ரத்த வழியா என்று பாருங்கள் என்று டாக்டர்தான் அனுப்பியிருந்தார்.

"வம்சத்துல எத்தனை பேருண்ணே? சொல்லுங்க, போட்டுக்கிறேன்."

அதை என்னிடம் கேட்டால் எப்படி இருக்கும்! எங்கள் குலசாமி கோயிலுக்கு வரி கொடுக்கிற ஆண்கள் பேரெழுதிய தலைக்கட்டு நோட்டு இருபத்தெட்டு வருடமாக என் கையில்தான் இருக்கிறது. பங்காளிகள் அத்தனை பேரும் நாலு தலைமுறைக்கு எனக்கு மனப்பாடம். மூச்சு விடாமல் சொன்னேன். அவர் பென்சில் ஓடிக்கொண்டே இருந்தது. முடித்ததும் தாளை என் பக்கம் திருப்பினார். செல்வியைத் தவிர முழுக்கச் சதுரம்.

"அண்ணே, மகளைத் தவிர வட்டம் ஒன்னுகூட விழலையே. உங்க வீட்டுல பொம்பளைகளே பொறக்கலையா?"

"பொறந்தாக. கட்டிக் குடுத்தாச்சுல்ல? அவுக வேற வீட்டு ஆளாயிட்டாக. வேற சாமி, வேற கணக்கு."

"சாமி மாறிக்கிடும்ணே. ரத்தம் மாறாது. விட்டுப்போன ஆளு யாரு யாருன்னு சொல்லுங்க."

'விட்டுப்போன ஆளு யாரு?' அந்த அம்மாவின் பேச்சு முழுவதையும் வடிகட்டினால் இந்த ஒரு கேள்விதான் மிஞ்சும். அதைக் கேட்கும்போது குரல் உயராது, தாழாது. பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கேட்கிற மாதிரி இருக்கும். ஒரு தடவை பசுமலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் தற்செயலாக அவரைப் பார்த்தேன். சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு ஓரமாக நின்று கல்யாணப் பத்திரிகையைப் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் சித்தப்பா, பெரியப்பா பேரு பதினொன்னு போட்டிருக்காக. அத்தை ஒருத்தரு பேரும் இல்ல, பாத்தீகளாண்ணே?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

அந்த முதல் நாள், என் தங்கச்சி பேச்சியின் பேரைச் சொன்னேன். வட்டம் போட்டார்.

"இருக்காகளா?"

"இல்ல. போயி பதினொரு வருசம் ஆச்சு."

"எதுல?"

"காமாலைன்னு கேள்வி."

பென்சில் நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தார். பேச்சியின் வட்டத்துக்குக் குறுக்கே கோடு போட்டார். உள்ளே கருப்பு அடிக்கவில்லை. ஆனால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். அதை அழிக்கவே இல்லை.

அந்த அம்மாவிடம் ஆறுதல் வார்த்தை எதிர்பார்த்துப் போகிறவன் ஏமாந்துதான் வருவான். எனக்கு முன்னால் ஒரு நாள் உசிலம்பட்டிக்காரர் ஒருத்தர், பெண்சாதிக்காக, அறை வாசலில் நின்று கெஞ்சினார். "ஒன்னும் ஆகாதுன்னு ஒத்த வார்த்தை சொல்லி அனுப்பும்மா, நிம்மதியா பஸ் ஏறிருவேன்." அந்த அம்மா சொன்ன பதில் வராண்டா முழுக்கக் கேட்டது: "எனக்குத் தெரியாததை நான் சொல்லமாட்டேண்ணே. உக்காருங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்." கல் நெஞ்சு என்று அன்றைக்கு நினைத்தேன்.

ஆனால் விளங்க வைப்பதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. செல்வியிடம் ரத்தம் எடுக்கச் சொன்னபோது, எதற்கு என்று நான் சத்தம் போட்டேன். அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்.

"உங்க மோட்டாரு அளவுக்கு மேல லோடு இழுத்தா என்னண்ணே ஆகும்?"

"ஸ்டார்ட்டர்ல ரிலே இருக்கும்மா. அது டிரிப் ஆகி மோட்டாரை நிப்பாட்டிரும்."

"ரிலே பழுதா இருந்தா?"

"அன்னைக்கே ஒன்னும் தெரியாது. நல்லாத்தான் ஓடும். வருசக்கணக்கா ஓடும். என்னைக்கு லோடு ஏறுதோ, அன்னைக்கு நிக்காம ஓடி, உள்ள சுத்தியிருக்கிற செம்புக் கம்பிக் காயில் கருகிப்போகும்."

"அம்புட்டுத்தாண்ணே விசயம். உடம்பும் பழசைக் கழிச்சுப் புதுசு சுத்திக்கிட்டே இருக்கு, நீங்க காயில் சுத்துற மாதிரி. சுத்துறப்ப தப்பு விழும். அதைச் சரிபண்ணணும், முடியாட்டி அந்த இடத்தை வளரவிடாம நிப்பாட்டணும். அதுக்குன்னு உள்ள ஜீன் இருக்கு. ரிலேன்னே வச்சுக்கங்க. எல்லாருக்கும் அது ரெட்டை. அம்மா குடுத்தது ஒன்னு, அப்பா குடுத்தது ஒன்னு. பொறக்கும்போதே ஒன்னு பழுதுன்னா, மிச்சம் ஒன்னுதான் காவல். மார்ல எங்கயோ கடுகு அளவு இடத்துல அதுவும் போச்சுன்னு வைங்க, நிப்பாட்ட ஆளில்ல. வளந்துக்கிட்டே போகும்."

முப்பது வருடம் ரிலேயோடு குடித்தனம் நடத்தியவன் நான். பழுதான ரிலேயை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்பது எனக்குத் தெரிகிற மாதிரி யாருக்குத் தெரியும்?

"சரி, பழுது யாரு வழி?" என்றேன்.

"அதுக்குத்தாண்ணே ரத்தம்."

செல்விக்குப் பழுது இருக்கிறது என்று சில வாரத்தில் தெரிந்தது. அது என் வீட்டுக்காரி வழியாகத்தான் வந்திருக்க வேண்டும் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். மார்பில் வருகிற நோய் பெண் வழியில்தானே வரும்? அவள் அம்மாவையும் இழுத்து வீட்டில் வாய்க்கு வந்தபடி பேசினேன். "எங்க வீட்டுப் பொம்பளைக எம்பது வயசு வரைக்கும் களை எடுத்தவுக, பாத்துப் பேசுங்க" என்று மட்டும் அவள் சொன்னாள். இரண்டு பேரும் ரத்தம் கொடுத்தோம். அதற்குப் பிறகு வந்த நாட்களில் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பட்டறையில் போன் அடித்தால் ஆசுபத்திரியோ என்று முதலில் நம்பரைப் பார்ப்பேன்.

முடிவு வந்த அன்று அந்த அம்மா தாளை விரித்து வைத்தார். என் சதுரத்துக்கு நடுவில் பென்சிலை ஊன்றி ஒரு புள்ளி வைத்தார்.

"உங்க வழிதாண்ணே."

"ஆம்பளைக்கு எப்படிம்மா?"

"ஆம்பளையும் தூக்கிச் சுமப்பாரு. உங்களுக்கு நோயா வராமலே போகலாம், வந்தாலும் வரலாம், பாத்துக்கிட்டே இருக்கணும். பிள்ளைகளுக்குப் பாதிக்குப் பாதி இறங்கும். நீங்க வேணும்னு குடுக்கல. உங்களுக்குக் குடுத்தவுகளும் வேணும்னு குடுக்கல."

இரும்பு உடம்பு என்று முதல் நாள் சொன்னதை அவர் எடுத்துக் காட்டவில்லை. காட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், மனசு லேசாகியிருக்கும். என் வீட்டுக்காரி வராண்டாவுக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்: "இனிமே எங்கம்மாவை இழுக்காதீக."

நான் மறுபடியும் தனியாக உள்ளே போனேன். அந்த அம்மா தாளை மடிக்காமல் வைத்திருந்தார், நான் வருவேன் என்று தெரிந்த மாதிரி.

"காமாலை இல்லம்மா" என்றேன். "மார்லதான். நாப்பத்தோரு வயசு. யாருகிட்டயும் காட்டாம மாராப்புக்குள்ளயே மறைச்சு, பச்சிலைப் பத்துப் போட்டுப் போட்டு, புண்ணாகி..." பேச்சி என் பேச்சைக் கேட்காமல் வாடிப்பட்டிக்காரர் ஒருத்தரைத் தானே பார்த்துக் கட்டிக்கொண்டவள். அன்றிலிருந்து அவள் இல்லை என்று தலைமுழுகியவன் நான். அவள் செத்ததற்கும் போகவில்லை. பிறந்த வீட்டுக் கோடிச் சேலை விழாமலே அவளை எடுத்தார்கள்.

அந்த அம்மா கேள்விக்குறியை அழித்தார். வட்டத்துக்குள் நிதானமாகக் கருப்பு அடித்தார். ஓரம்கூட விடவில்லை. தூளைக் கூட்டிக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பிள்ளைக?"

"ஒரு பொண்ணு. சித்ரா. முப்பத்திரண்டு இருக்கும். அங்கயே வாடிப்பட்டியில கட்டிக் குடுத்திருக்கு."

"அவுகளுக்குத் தெரியுமா?"

"பேச்சு வார்த்தை இல்லம்மா. தாய்மாமன் சீருக்கே நான் போகல."

பென்சிலைக் கீழே வைத்தார். அதை அவர் கீழே வைத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "நான் போயி அவுக கதவைத் தட்ட முடியாதுண்ணே. உங்க ரத்தத்துல என்ன இருக்குன்னு நீங்கதான் சொல்லணும். உங்க வீட்டுப் பழுது எந்த இடத்துலன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு, அவுக ரத்தத்துல அந்த ஒரு இடத்தைப் பாத்தாப் போதும். அவுகம்மாவுக்கு நாப்பத்தொன்னு, செல்விக்கு முப்பத்தாறு. கணக்கு உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா?"

ஒரு தாளில் டாக்டரின் கடிதம் வாங்கிக் கொடுத்தார். சட்டைப் பையில் வைத்தேன். ஒரு மாதம் பையிலேயே இருந்தது. சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றி மாற்றி வைத்தேன். வாடிப்பட்டி வழியாகத் திண்டுக்கல்லுக்கு மூன்று தடவை போய் வந்தேன். அவள் தெரு திரும்புகிற இடத்தில் டிரைவர் வேகத்தைக் குறைப்பான், நான் "போப்பா" என்பேன்.

செல்வியை மறு பரிசோதனைக்குக் கூட்டிப் போனபோது அந்த அம்மா கேட்டார். "வாடிப்பட்டி போனீகளாண்ணே?"

"போனேன். சொல்லிட்டேன்" என்றேன். எப்படி வந்ததோ தெரியவில்லை, வாயில் வந்துவிட்டது.

"நல்லது. என்ன சொன்னாக?"

"யோசிச்சுச் சொல்றேன்னுச்சு."

தாளை எடுத்தார். பேச்சியின் கருப்பு வட்டத்துக்குக் கீழே சித்ராவுக்கு ஒரு வட்டம் போட்டார். அதற்குக் கீழே ஒரு கோடு இழுத்தார். பென்சில் முனை அந்தரத்தில் நின்றது.

"சித்ராவுக்கு எத்தனை பிள்ளைகண்ணே? ஆணா, பொண்ணா?"

எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்குள் போய் உட்கார்ந்து பேசி வந்தவனுக்கு அது தெரியாமல் இருக்குமா? செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். அந்த அம்மா பொய் என்று சொல்லவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. பென்சிலை அப்படியே பிடித்துக்கொண்டு காத்திருந்தார். என்னை அதட்டியவர்கள் உண்டு, அடித்தவர்களும் உண்டு. யாருக்கும் நான் இப்படி வேர்த்து உட்கார்ந்ததில்லை.

"நாளைக்குப் போறேம்மா" என்றேன்.

"போயிட்டு வாங்க. கோடு அப்படியே கிடக்கட்டும்."

மறுநாள் போனேன். தாய்மாமன் வெறுங்கையோடு போகக் கூடாது என்று என் வீட்டுக்காரி தட்டில் பூ, பழம், தேங்காய், ஒரு பட்டுச் சேலை வைத்துக் கொடுத்தாள். சித்ரா வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். பேச்சியின் நெற்றி, பேச்சியின் நிற்கிற தோரணை. தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"வழி தெரிஞ்சு வந்தீகளா, இல்ல மோட்டாரு விக்க வந்தீகளா?"

"நான் உன் மாமன்த்தா."

"தெரியுது. போட்டோவுல பாத்திருக்கேன். எங்கம்மா பெட்டிக்குள்ள வச்சிருந்துச்சு."

உள்ளே வா என்று கூப்பிடவில்லை. நின்றபடியே சொன்னேன். ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. பட்டறையில் தொடங்கி, ரிலேக்குப் போய், செல்வியின் ஆபரேசனுக்கு வந்து, கடைசியில் கடிதத்தை எடுத்து நீட்டினேன். கையில் ஈரத்துணியோடு முழுவதும் கேட்டாள்.

"எங்கம்மாவுக்குக் கோடி கொண்டாராத மாமன், எங்கம்மா நோயைக் கொண்டாந்திருக்கீக. இதுதான் சீரா?"

"ஆமாத்தா" என்றேன். "எங்கிட்ட இருக்கிறதும் அதுதான். பேச்சிக்கும் எனக்கும் ஒரே இடத்துலருந்து வந்தது. உனக்கு இருக்கா இல்லையான்னு மட்டும் பாத்துரு."

உள்ளேயிருந்து ஒரு சிறுமி ஓடிவந்து அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சித்ரா தட்டைத் தொடவில்லை. கடிதத்தை மட்டும் வாங்கி, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பிறகு ஏழு வாரம் ஒரு தகவலும் இல்லை. பொறுக்கமாட்டாமல் அந்த அம்மாவிடம் போனேன். என்னைப் பார்த்ததும் மேஜை மேல் இருந்த தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"வாடிப்பட்டிப் பிள்ளை வந்துச்சா?"

"அதை நான் சொல்லக் கூடாதுண்ணே."

"நான் தாய்மாமன்ம்மா! நான் யாருன்னு இந்த ஆசுபத்திரியில கேட்டுப் பாருங்க. நீங்க குடிக்கிற தண்ணி என் மோட்டாரு ஏத்துறது."

"தெரியும்ணே. நல்லா ஓடுது."

அம்புட்டுத்தான். நான் எழுந்து கத்தினேன், வராண்டாவில் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா ரப்பர் தூளைக் கூட்டிக்கொண்டிருந்தார். "உங்க ரத்தத்தை உங்களைக் கேக்காம நான் யாருகிட்டயும் சொன்னேனா? அவுகளுக்கும் அதே மரியாதைதாண்ணே." கதவைப் படீரென்று சாத்திவிட்டு வந்தேன்.

அதற்கு மூன்றாம் நாள், பட்டறையில் ஒரு மோட்டாரைச் சோதனைக்கு ஓட விட்டிருந்தேன். போன் வந்தது. மோட்டாரை நிறுத்தச் சொன்னேன்.

"மாமா, சித்ரா பேசுறேன். அந்தம்மா உங்ககிட்டச் சொல்லலையா?"

"சொல்லலத்தா."

"எனக்கும் இருக்காம். ஸ்கேன்ல வலது பக்கம் பட்டாணி அளவுக்கு ஒன்னு தெரியுது. தொட்டுப் பாத்தாத் தெரியாது. பரவலையாம். புதன்கிழமை ஆபரேசன். நீங்க வாங்க."

போனேன். தட்டில்லாமல் போனேன்.

அறுவை முடிந்து, மருந்தெல்லாம் ஏற்றி முடித்து, செல்வி மாதிரியே தலையில் துணி கட்டிக்கொண்டு சித்ரா அந்த அம்மாவின் அறைக்கு வந்தபோது, "இவரும் இருக்கட்டும்" என்று என்னையும் உட்கார வைத்தாள். அந்த அம்மா பெரிய தாளை விரித்தார். சித்ராவின் வட்டத்துக்குக் கீழே கிடந்த கோட்டில் ஒரு வட்டமும் ஒரு சதுரமும் எப்போதோ ஏறியிருந்தன. பெண் ஒன்று, ஆண் ஒன்று. வட்டம், வாசலில் நான் பார்த்த சிறுமி.

"இப்ப உங்க வட்டத்துல கருப்பு அடிக்கணும். அடிக்கட்டாம்மா?" என்று கேட்டார். அனுமதி கேட்டு அடிப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சித்ரா தன் அம்மாவின் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அடிங்க. எங்கம்மாவுக்குப் போட்ட மாதிரி அந்தக் குறுக்குக் கோட்டை மட்டும் போட்டுறாதீங்க."

போடமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் தாயே என்று நான் உள்ளுக்குள் கெஞ்சினேன். உசிலம்பட்டிக்காரர் கெஞ்சிய மாதிரிதான்.

அந்த அம்மா நிதானமாகக் கருப்பு அடித்து முடித்தார். "இன்னைக்கு இல்ல" என்றார். "வருசா வருசம் வாங்க. பாத்துப் பாத்து, இன்னைக்கு இல்லன்னு சொல்லிக்கிட்டே இருப்போம்."

அது நடந்து ஏழு வருடம் ஆகிறது. அந்த அம்மா வேறு ஊர் ஆசுபத்திரிக்குப் போய்விட்டார். எந்த ஊர் என்று கேட்டுப் பார்த்தேன், சொல்ல மறுத்துவிட்டார்கள். இப்போது அந்த அறையில் ஒரு சின்னப் பெண் கம்ப்யூட்டரில் படம் போடுகிறாள். நானும் செல்வியும் சித்ராவும் ஒரே காரில் போகிறோம். போன வாரமும் போனோம். அந்தப் பெண் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். என் சதுரத்துக்கு நடுவில் புள்ளி இருந்தது. பேச்சி கருப்பாக இருந்தாள், அவள் மேல் குறுக்குக் கோடு இருந்தது. கீழே சித்ராவைத் தேடினேன், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன்.

கோடு இல்லை. இந்த வருடமும் இல்லை.